ஆபத்தில் எடுக்கும் அழைப்பு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் அவசர இலக்கங்கள் பற்றி ஒரு மாலைக் கூட்டம் வைத்தோம். அரை மணித்தியாலத்தில் முடியும் என்று நினைத்த கூட்டம் இரவு ஒன்பது மணிவரை போனது. கதிரை போதாமல் சனம் வாசற்படியில் இருந்தும் கேட்டது. அன்று எழுந்த கேள்விகளையும், அதன்பின் சந்தையிலும் கோயிலடியிலும் மறித்துக் கேட்கப்பட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் இந்தத் துறையில் அதிகாரி அல்ல. ஒரு இரவில் பட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து விடாமல் தேடிப் படித்து வருபவன். அந்த இரவைக் கீழே சொல்கிறேன்.

ஆபத்தென்றால் இன்று எந்த இலக்கத்துக்கு எடுப்பது?

நோய், விபத்து, பாம்புக்கடி, பிரசவ வலி என்றால் 1990. இது இலவச அம்புலன்ஸ். அழைப்புக்கும் காசில்லை, ஏற்றிப் போவதற்கும் காசில்லை. களவு, அடிதடி, வன்முறை என்றால் பொலிஸின் 119. வெள்ளம், புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. சிறுவருக்கு ஆபத்து என்றால் 1929, பெண்களுக்கு 1938. தீக்கு 110 என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இங்கே தீயணைப்பு வண்டி உள்ளூராட்சி சபையுடையது. ஆகவே யாழ். மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவினது நேரடி இலக்கத்தையும், உங்களுக்குக் கிட்டவுள்ள சபையின் இலக்கத்தையும் கேட்டு எழுதி வையுங்கள்.

ஆறு இலக்கம். வீடு எரியும்போது ஆறையும் யோசித்துப் பார்க்க ஒருவருக்கும் அவகாசம் இராது. இந்தப் பக்கம் முழுவதும் அந்தச் சிக்கலையும், இந்தச் சேவைகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் ஒரு வலையமைப்பால் அதைத் தீர்ப்பதையும் பற்றியதுதான்.

நான் 1990 அடித்தால் அந்த அழைப்பு எங்கே போகிறது? யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கா?

இல்லை. பலர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். நாட்டின் எந்த மூலையில் இருந்து எடுத்தாலும் கொழும்பை அண்டிய ஒரே கட்டுப்பாட்டு நிலையத்துக்குத்தான் போகிறது. அங்கே இருப்பவர் விபரம் கேட்டுக் கணினியில் பதிகிறார். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருடைய திரையில் தெரியும். கிட்டவுள்ள வண்டிக்குச் செய்தி போகிறது. வண்டிகள் பெரும்பாலும் பொலிஸ் நிலையங்களில் தரித்து நிற்பவை. ஒரு சாரதியும் பயிற்சி பெற்ற ஒரு அவசர மருத்துவ உதவியாளரும் வருவார்கள்.

119 வேறொரு நிலையத்துக்குப் போகிறது, 117 இன்னொரு நிலையத்துக்கு. தீயணைப்பு மாநகர சபைக் கட்டடத்துக்கு. இவற்றில் ஒன்றில் நீங்கள் சொன்ன விபரம் மற்றதன் திரையில் தானாகத் தோன்றாது. ஏ9 வீதியில் ஒரு வான் கவிழ்ந்து, ஆள் சிக்கி, எண்ணெய் வழிந்தால் அம்புலன்ஸ், பொலிஸ், தீயணைப்பு மூன்றும் தேவை. அதே கதையை மூன்று தடவை சொல்ல வேண்டிய ஆள் வீதியோரத்தில் கை நடுங்க நிற்பவர்தான்.

1990 எப்படி வந்தது?

2016 யூலை 28 இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. இந்தியாவின் நன்கொடை. பிறகு இன்னும் 209 வண்டிகள் வந்து நாடு முழுக்க விரிந்தது. அந்த விரிவாக்கத்தின் தொடக்க விழா 2018 யூலை 21 இல் யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. இந்தியப் பிரதமர் காணொளி வழியாகக் கலந்துகொண்டார். இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து 2 கோடி 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். அதே ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென ஒரு மன்றம் நிறுவப்பட்டது.

அதற்கு முன்னரும் நாங்கள் வெறுங்கையோடு இருக்கவில்லை. போர் முடிந்த காலத்திலேயே குடாநாட்டில் சுகாதாரத் துறையினர் ஆஸ்பத்திரி அம்புலன்ஸ்களை ஒரே அழைப்பு நிலையத்தின்கீழ் கொண்டுவந்து இலவசச் சேவை நடத்தினார்கள். ஒழுங்கை தெரிந்த ஆட்களே அழைப்பை எடுத்தார்கள். அந்த அனுபவத்தை நாங்கள் மறந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

அவர்களுக்கு நான் நிற்கும் இடம் தானாகத் தெரியாதா? ஊபருக்கு, பிக்மீக்குத் தெரிகிறதே!

கூட்டத்தில் கோபமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. அந்தக் கோபம் நியாயமானது.

சாதாரண அழைப்போடு உங்கள் ஜிபிஎஸ் இடம் சேர்ந்து போவதில்லை. தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிவது நீங்கள் எந்தக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறீர்கள் என்பதுதான். அதை வைத்து மதிப்பிட்டால் கிலோமீற்றர்க் கணக்கில் பிழைக்கலாம். அதிலும் எங்கள் நிலம் தட்டை. கடனீரேரியைத் தாண்டி அலை வரும். குருநகர்க் கரையில் நிற்பவரின் போன் பூநகரிப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்தால் ஆள் நிற்கும் மாவட்டமே மாறிப்போகும்.

இப்போது நான் சொன்ன அந்த இரவு. மாரி. எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு நெஞ்சுநோ. வியர்த்து, சத்தி எடுத்து, சுவரில் சாய்ந்திருந்தா. நான் ஒரு அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். எடுத்தவர் பண்பாகவே பேசினார். "எந்த இடம்?" என்றார். "பிள்ளையார் கோயிலடியால வந்து, மதகு தாண்டி, இரண்டாவது கை ஒழுங்கை" என்றேன். எனக்கு அது முழு முகவரி. அவருக்கு அது ஒன்றுமே இல்லை. வீட்டிலக்கம் கேட்டார், எங்கள் ஒழுங்கைக்கு இலக்கமே இல்லை. வீதியின் பெயர் கேட்டார், அந்த ஒழுங்கைக்குப் பெயரே இல்லை. நான் திரும்பத் திரும்பப் பிள்ளையாரைச் சொன்னேன். வண்டி வந்தது, அடுத்த ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு. சாரதி என் போனுக்கு எடுத்து, "அண்ணா, கோயில் பூட்டியிருக்கு, ஒருத்தரையும் காணேல்ல" என்றபோதுதான் விளங்கியது. நான் ரோச் லைட்டோடு மழையில் சந்திக்கு ஓடினேன். மாமி பிழைத்துவிட்டா. ஆனால் இருதயத்தின் ஒரு பகுதி அன்றே பழுதாகிவிட்டது என்று டொக்டர் சொன்னார். அதில் எத்தனை நிமிடம் நோயின் கணக்கு, எத்தனை நிமிடம் ஒழுங்கையின் கணக்கு என்று நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இதற்குத் தொழில்நுட்பம் இருக்கிறது, பழையதும்கூட. 2014 அளவில் பிரித்தானியாவில் தொடங்கிய ஒரு முறையில், அவசர இலக்கத்தை அடித்தவுடன் போன் தானாகவே ஜிபிஎஸ்ஸையும் வைஃபையையும் இயக்கி, நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக அழைப்பு நிலையத்துக்கு அனுப்பிவிடும். 2016 முதல் அன்ட்ரொயிட் போன்களிலும் 2018 முதல் ஐபோன்களிலும் இந்த வசதி உள்ளே இருக்கிறது. கூகுள் இதற்குக் காசு கேட்பதில்லை. ஆனால் நாட்டு அழைப்பு நிலையமும் தொலைபேசி நிறுவனங்களும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவும் கூடி, அந்தச் செய்தியைப் பெறும் வாசலைத் திறந்தால்தான் அது வேலை செய்யும். பெரிய கட்டடமோ புதிய வண்டியோ வேண்டாம். ஒன்றுதான் முதலில் செய்யலாமென்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

"பகிரப்பட்ட வலையமைப்பு" என்று கூட்டத்தில் அடிக்கடி சொன்னீர்கள். அது என்ன?

பங்குக் கிணறு தெரியும்தானே? ஒரு கிணறு, ஏழெட்டுத் தோட்டம். தோட்டம் அவரவருடையது, வெங்காயம் வைப்பதும் புகையிலை வைப்பதும் அவரவர் விருப்பம். கிணறு மட்டும் பொது. இறைக்கிற முறை நாள் பிரித்திருக்கும். கட்டு இடிந்தால் பங்கின்படி காசு போட்டுக் கட்டுவார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு வெட்டப் போனால் யாருக்கும் கட்டுபடியாகாது, நிலத்தடி நீரும் வற்றிப்போகும்.

அவசர அழைப்பிலும் அதுவேதான். பொலிஸ் பொலிஸாகவே இருக்கட்டும், 1990 தன் மன்றத்தின்கீழேயே இருக்கட்டும், தீயணைப்பு சபையோடேயே இருக்கட்டும். அழைப்பு வரும் பாதை, இடத்தைக் காட்டும் வரைபடம், விபரம் பதியும் மென்பொருள், குரல் பதிவு, மாற்று மின்சாரம், இவற்றை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்வது. அப்படி வைத்தால் ஒரு நிலையம் பதிந்ததை மற்றது அந்தக் கணமே பார்க்கும். ஒரு நிலையத்தில் எல்லா ஆட்களும் பேசிக்கொண்டிருந்தால் அழைப்பு இன்னொரு நிலையத்துக்குத் தானாக வழியும்.

அமெரிக்காவின் அவசர இலக்கமான 911 பழைய செப்புக்கம்பி இணைப்புகளில் ஓடியது. அங்கே ஒவ்வொரு சிறு மாவட்டமும் தனித்தனிக் கருவி வாங்கிப் பராமரித்தது. இப்போது பல மாவட்டங்கள் கூடி, இணைய நெறிமுறையில் இயங்கும் ஒரு அவசரச் சேவை வலையமைப்பைப் பிராந்திய மட்டத்தில் அமைத்து, அதில் தங்கள் நிலையங்களைக் கொழுவுகின்றன. தனியே வாங்க வக்கில்லாத கிராமப்புற மாவட்டத்துக்கும் நகரத்துக்குக் கிடைக்கும் அதே வசதி கிடைக்கிறது. வடக்கின் ஐந்து மாவட்டங்களை எண்ணிப் பாருங்கள். முல்லைத்தீவோ மன்னாரோ தனியே ஒரு நவீன நிலையம் கட்ட முடியுமா? யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஐந்தும் சேர்ந்தால் முடியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கம் வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

ஒரே இலக்கம் நல்லது. 1935 இல் லண்டனில் ஒரு வீடு எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். அழைப்பெடுத்த அயலவரைத் தொலைபேசி நிலையம் மற்ற அழைப்புகளோடு வரிசையில் காக்க வைத்தது. அதன் விளைவாக 1937 யூன் 30 இல் 999 வந்தது, உலகிலேயே முதல். அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு 1968 பெப்ரவரி 16 இல், அலபாமாவில் ஒரு சிற்றூரில். ஐரோப்பா 1991 இல் 112 ஐத் தீர்மானித்தது. இந்தியாவும் 2018 முதல் மாநிலம் மாநிலமாக 112 க்கு மாறியது.

ஆனால் இலக்கம் என்பது வீட்டுப் படலை மாதிரி. படலையை ஒன்றாக்கிவிட்டு உள்ளே நாலு வீடும் ஒன்றோடொன்று கதைக்காமல் இருந்தால் என்ன பயன்? ஒரே இலக்கத்தை எடுத்தவர் "பொறுங்கோ, மாற்றி விடுறன்" என்று சொல்லி, மாற்றிய இடத்தில் நீங்கள் மறுபடி முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தால் அது இன்றைய நிலையைவிடக் கொஞ்சம் மோசம், ஒரு தரிப்பிடம் கூடிவிட்டது. ஆகவே என் வரிசை இது: முதலில் உள்ளே இணையுங்கள், பிறகு இலக்கத்தை இணையுங்கள். 1990 உம் 119 உம் சனத்தின் மனதில் பதிந்துவிட்டன. பின்னால் ஒரே வலையமைப்பு இருந்தால் எதை அடித்தாலும் சரியான ஆளிடம் போய்ச் சேரும்.

112 என்று அடித்தால் இங்கேயும் வேலை செய்யுமாமே?

112 ஐ அவசர இலக்கமாக இனங்காணும்படி கைத்தொலைபேசிகள் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் அழைப்பு எங்கே போய் விழும் என்பது வலையமைப்பைப் பொறுத்தது. அதை நம்பி இராதீர்கள். 1990, 119.

இதை யார் செய்ய வேண்டும்? மாகாண சபையா, கொழும்பா?

இதுதான் முடிச்சு. பொலிஸ் மத்திய அரசின்கீழ். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதப்பட்ட மாகாணப் பொலிஸ் அதிகாரம் நடைமுறைக்கு வரவில்லை. யாழ். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின்கீழ். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின்கீழ். 1990 தனி மன்றம். தீயணைப்பு உள்ளூராட்சி. அனர்த்த முகாமைத்துவம் மாவட்டச் செயலகத்தில் இருந்தாலும் கொழும்பின் திணைக்களம். தொலைத்தொடர்பு முழுக்க 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் கையில். மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் நிர்வாகம் ஆளுநரிடம் போனது.

இத்தனை பேரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரச் சட்டம் மாறும்வரை காத்திருந்தால் என் பிள்ளைகளும் இதே கேள்வியைக் கேட்பார்கள். சட்டம் மாறாமலே செய்யக்கூடியது புரிந்துணர்வு உடன்படிக்கை: யார் என்ன விபரத்தைப் பகிர்வது, எத்தனை செக்கனுக்குள் அழைப்பை எடுப்பது, யார் எவ்வளவு பணம் போடுவது, பிணக்கு வந்தால் யார் தீர்ப்பது. மாவட்டச் செயலகத்தில் அனர்த்தக் கூட்டம் மாரிக்கு முன் எப்படியும் நடக்கிறது. அதே மேசையில் இருப்பவர்கள்தான் இதற்கும் தேவையானவர்கள்.

கிளிநொச்சியை நினையுங்கள். 2016 செப்டெம்பரில் பொதுச் சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்துக்கென ஒரு தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. வியாபாரிகள் தங்கள் முதல் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்த மாவட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, இல்லாத இடத்துக்கு யார் போவது என்பதை எரிவதற்கு முன்னர் எழுதி வைக்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது?

இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று, ஒருமுறை போடும் முதல்: சேர்வர், மென்பொருள், கோபுரம், வண்டி. மற்றது மாதா மாதம் போவது: சம்பளம், இணைப்புக் கட்டணம், எரிபொருள், பற்றரி, பழுதுபார்ப்பு. முதல் வகைக்கு நன்கொடை கிடைக்கும், நாடாவும் வெட்டலாம், படமும் எடுக்கலாம். இரண்டாவதற்கு ஒருவரும் வருவதில்லை. 1990 வண்டிகளை இந்தியா தந்தது. அன்றாடச் செலவை இலங்கை அரசுதான் சுமக்கிறது. 2022 இல் நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது அந்தச் சுமையின் பாரம் எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

அமெரிக்காவில் தொலைபேசிக் கட்டணச் சிட்டையிலேயே 911 க்கென்று ஒரு சிறு தொகை மாதாந்தம் அறவிடப்படுகிறது. அது நல்ல வழி. ஒவ்வொரு இணைப்பும் ஒரு சிறு பங்கு போடுகிறது, பங்குக் கிணறு மாதிரி. ஆனால் அங்கேயும் சில மாநிலங்கள் அந்தப் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிட்டன. 2008 இல் வந்த ஒரு சட்டத்தின்படி, யார் எவ்வளவை வேறுபக்கம் திருப்பினார்கள் என்று அவர்களது தொடர்பாடல் ஆணைக்குழு ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அதோடு, மாநிலங்கள் நவீன வலையமைப்புக்கு மாற மத்திய அரசு மானியமும் கொடுத்தது. பணத்தைத் திருப்பாத மாநிலத்துக்குத்தான் மானியம் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த நிபந்தனைதான் எனக்கு மிகப் பிடித்தது.

இங்கே நாங்கள் போன் சிட்டையில் ஏற்கெனவே தொலைத்தொடர்பு அறவீடு கட்டுகிறோம். 2011 ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். அது பொதுவாகத் திறைசேரிக்குப் போகிறது. புதிய வரி வேண்டாம். கட்டுவதிலிருந்து ஒரு துளியை அவசர அழைப்புக்கென்று பிரித்து, தனிக் கணக்கில் போட்டு, ஆண்டுக்கொருமுறை கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டால் போதும். கேட்க வேண்டியது இதைத்தான் என்று எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் சொல்லலாம். அது அவர்களின் மேசையில் இருக்கும் விடயம்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு அம்புலன்ஸ் வாங்கித் தர முன்வந்திருக்கிறது. நல்லதுதானே?

மனம் நல்லது. அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். சாரதிக்கு யார் சம்பளம்? அடுத்த ஐந்து வருடத்துக்கு எண்ணெயும் காப்புறுதியும் யார்? இந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது 1990 இன் திரையில் தெரியுமா? மூன்றாவதற்கு இல்லை என்றால், ஊருக்குள் வண்டி நிற்கும், ஆனால் அழைப்பு எடுத்தவருக்கு அது தெரியாமல் தூரத்து வண்டியை அனுப்புவார். ஆஸ்பத்திரி வளவுகளில் பூவரசு நிழலில் சில்லுக் காற்றுப் போய் நிற்கும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன், பக்கத்தில் கொடையாளரின் பெயர் அழகாக எழுதியபடி.

அதே காசில் கிராமத்துக்கு ஒழுங்கைப் பெயர்ப்பலகை போடலாம். ஐம்பது பேருக்கு முதலுதவியும் நெஞ்சை அழுத்தி மூச்சு மீட்கும் பயிற்சியும் கொடுக்கலாம். கோபுரம் செயலிழக்கும்போது உதவும் வானொலித் தொடர்புக் கருவிகளைத் தீவக வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கலாம். புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இதை விளக்கமாகச் சொன்னால் கேட்பார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் 999 உம் 911 உம் எப்படி வேலை செய்கிறது என்று எங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

தமிழில் பதில் சொல்வார்களா?

1990 இல் தமிழ் பேசுபவர்கள் இருக்கிறார்கள். மொழி தெரிவது வேறு, ஊர் தெரிவது வேறு. கொக்குவில் எது, கோண்டாவில் எது? அச்சுவேலியா, அச்செழுவா? பதற்றத்தில் சொல்லும்போது காதில் ஒன்றாகவே விழும். வயதான அப்பு "புடையன் கடிச்சுப்போட்டுது" என்றால் அது கண்ணாடி விரியன் என்ற விஷப்பாம்பு என்பதும், "சுருட்டை" என்றால் இன்னொரு விரியன் என்பதும் எடுப்பவருக்கு உடனே விளங்க வேண்டும்.

பகிரப்பட்ட வலையமைப்பின் மிகப் பெரிய நன்மை எனக்கு இங்கேதான் தெரிகிறது. அழைப்பு இணைய வழியில் போகும்போது எடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது பொருட்டல்ல. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ பத்துப் பதினைந்து மேசை போட்டு, தமிழில் வரும் அழைப்புகளை அங்கே திருப்பலாம். வடக்கின் அழைப்பு மட்டுமல்ல, மட்டக்களப்பில் இருந்தும் நுவரெலியாத் தோட்டத்தில் இருந்தும் நள்ளிரவில் எடுக்கும் ஒரு தாய்க்கும் அங்கிருந்து பதில் கிடைக்கும். கொழும்பு நிலையம் வெள்ளத்தில் அகப்பட்டால் சிங்கள அழைப்புகளை எடுக்கக்கூடிய ஆட்களும் அங்கே இருக்க வேண்டும். இங்கே இரு மொழியும் தெரிந்து வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்வதைப் பலகையில் எழுதுவதோடு நிறுத்தாமல், உயிர் போகும் நேரத்தில் காதில் கேட்க வைக்க இது ஒரு வழி.

புயலில் கரண்டும் போய்க் கோபுரமும் படுத்துவிட்டால்?

2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி. இரண்டிலும் குடாநாட்டில் வெள்ளம் எப்படி நின்றது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோபுரத்தில் பற்றரி இருக்கும், சில மணித்தியாலம் தாங்கும். அதன்பின் ஜெனரேற்றருக்கு எண்ணெய் போய்ச் சேர வேண்டும். குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் தரைவழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனையிறவு ஒன்று, 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் இன்னொன்று. அவசர வலையமைப்பின் ஒளியிழை வடம் ஒன்றில் அறுந்தாலும் மற்றதால் ஓட வேண்டும். இரண்டு பாதை, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு, அதற்கு மேல் செய்மதி. நிறுவனங்களுக்குள்ளும் ஒரு உடன்பாடு வேண்டும்: ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தால் அதன் வாடிக்கையாளரின் அவசர அழைப்பை மற்றது சுமக்க வேண்டும்.

அந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடியது: பேச்சு போகாவிட்டாலும் குறுஞ்செய்தி சில வேளை போகும். உறவினருக்கு ஒரு வரி அனுப்பி, அவரைக் கொண்டு 117 க்கு எடுப்பியுங்கள்.

நெடுந்தீவுக்கு?

நெடுந்தீவில் 1990 ஐ அடித்தால் வண்டி கடலில் ஓடாது. குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு மக்களுக்கும் படகுதான். கடுமையான நோயாளிக்குக் கடற்படைப் படகையோ விமானப்படை ஹெலியையோ கேட்க வேண்டும். அந்தக் கேள்வி பல கை மாறிப் போகிறது. தீவில் இருந்து வரும் அழைப்பென்று திரையில் தெரிந்த கணமே வைத்தியசாலை, படகு, குறிகட்டுவானில் காத்திருக்கும் அம்புலன்ஸ் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போக வேண்டும். படகு கரையைத் தொட்ட பிறகு வண்டிக்கு எடுப்பது பெரும்பாவம். வலையமைப்பை முதலில் எங்கே பரீட்சிப்பது என்று என்னைக் கேட்டால் தீவகத்தில் என்பேன். அங்கே வேலை செய்தால் எங்கேயும் வேலை செய்யும்.

காது கேளாதவர், பேச முடியாதவர் எப்படி அழைப்பார்?

இன்று பெரும்பாலும் வேறொருவரின் தயவில்தான். போரில் செவிப்புலன் இழந்தவர்கள் எங்கள் மத்தியில் வாழ்கிறார்கள். எழுத்துச் செய்தியையும் காணொளி அழைப்பையும் ஏற்கும் வலையமைப்பு அவர்களுக்கு உரிமை. அமெரிக்காவில் 2009 இலேயே 911 க்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். வாய்திறந்து பேச முடியாதபடி வீட்டுக்குள்ளேயே ஆபத்தில் இருக்கும் பெண்ணுக்கும் இதே வாசல் உதவும்.

என் இடத்தைப் பொலிஸும் பார்க்கும் என்றால் எனக்குப் பயம். நான் எடுக்கவே மாட்டேன்.

இதைச் சொன்ன அக்கா எழுந்து நின்று சொல்லவில்லை. கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போது மெதுவாகச் சொன்னா. எங்கள் ஊரில் இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல, அதற்கு வரலாறு இருக்கிறது. பதிலும் பூசி மெழுகாமல் இருக்க வேண்டும்.

பகிர்வது என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் பார்ப்பது அல்ல. அம்புலன்ஸ் அழைப்பின் விபரம் அம்புலன்ஸுக்கு. பொலிஸ் தேவை என்று அழைப்பவர் கேட்டாலோ, வீதியை மறிக்க வேண்டி வந்தாலோ தேவையான துண்டு மட்டும் அவர்களுக்கு. இடத்தைக் காட்டும் செய்தி அவசர இலக்கத்தை அடிக்கும் அந்த அழைப்பின்போது மட்டும் போவது. மற்ற நேரத்தில் போன் வாய் திறக்காது. யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்று கணினி எழுதி வைக்க வேண்டும், குறித்த காலத்தின்பின் அழிக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உடன்படிக்கையில் இவை எழுத்தில் இல்லாவிட்டால் நாங்களே கையெழுத்திட விடக் கூடாது. பயத்தால் ஒருவர் அழைக்காமல் விட்டால், எவ்வளவு நவீன வலையமைப்பும் அவருக்கு இல்லாத ஒன்றுதான்.

சிறுவர்கள் விளையாட்டுக்கு எடுப்பது?

போனை வாங்கி வையுங்கள். தவறி எடுபட்டுவிட்டால் வெட்டாமல், "தவறி எடுபட்டது, ஆபத்தில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெட்டினால் திரும்ப எடுத்து உறுதிப்படுத்த ஒருவர் மினக்கெட வேண்டும். ஆனால் உண்மையான ஆபத்தில் எப்படி எடுப்பது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் மட்டும் இருக்கும் பகல்கள் எத்தனை!

வலையமைப்பு வரும்வரை நாங்கள் என்ன செய்வது?

அழைத்தவுடன் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், பிறகு என்ன நடந்ததென்று. லைன் இடையில் அறுந்தாலும் வண்டி புறப்படும். மாவட்டம், பிரதேச செயலகம், ஊர், பிறகு கோயில் அல்லது பள்ளிக்கூடம், அதன் முழுப்பெயர். வெறும் பிள்ளையார் என்று சொல்லாதீர்கள்; நான் பட்டது போதும். யாழ். மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 'ஜே' என்று தொடங்கும் இலக்கம் உண்டு. உங்கள் குடும்ப அட்டையில் பார்த்து அதையும் எழுதி வையுங்கள். ஸ்மார்ட் போன் உள்ளவர்கள் வீட்டு முற்றத்தில் நின்று வரைபடச் செயலியில் உங்கள் இடத்தின் இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 இன் செயலி இருந்தால் அதுவே இடத்தை அனுப்பும். இவற்றை ஒரு மட்டையில் பெரிதாக எழுதிக் குசினிக் கதவின் பின்னால் ஒட்டுங்கள்.

அழைப்பு முடிந்ததும் ஒருவரைச் சந்திக்கு அனுப்புங்கள். இரவென்றால் லைட்டோடு. படலையைத் திறந்து, நாயைக் கட்டுங்கள். நோயாளியின் மருந்துக் கொப்பியைக் கையில் எடுத்து வையுங்கள்.

எங்கள் ஊரில் ஒழுங்கைகளுக்குப் பெயர் வைக்கும் வேலை தொடங்கிவிட்டது. பிரதேச சபையிடம் அனுமதி கேட்டு, இளைஞர்கள் தகரம் வெட்டி, மஞ்சள் பூச்சில் கறுப்பு எழுத்தில் எழுதுகிறார்கள். இதுவரை பதினொரு பலகை நட்டாயிற்று. மதகு தாண்டி இரண்டாவது கை ஒழுங்கைக்கு "மதகடி ஒழுங்கை" என்றே பெயர் வைத்தோம். பலகையை நிமிர்த்திப் பிடித்தது மாமியின் பேரன்.